சாஷாவின் 'இன்வால்வர்': ஒட்டுத் தெரியாத ஒரு மணி நேரம்

மெல்ல மெல்ல அடுக்கடுக்காக வளரும் நடன இசையான புரோகிரசிவ் ஹவுஸை இதுவரை கேட்காத ஒருவர் ஒரே ஒரு டிஜே மிக்ஸ், அதாவது பல பாட்டுகளை நிற்காமல் கோத்த தொகுப்பு, வாங்குவதாக இருந்தால் எதை வாங்கலாம்? பிரிட்டிஷ் டிஜே சாஷாவின் 'இன்வால்வர்' என்றுதான் சொல்வேன். 2004-ல் 'குளோபல் அண்டர்கிரவுண்ட்' நிறுவனம் வெளியிட்ட ஒற்றை சிடி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அந்த நேரம் முழுவதும் இசை ஒரு நொடிகூட நிற்காது. ஆனால் நிற்காமல் ஓடுவது மட்டும் பெரிய விஷயம் இல்லை. இன்று போன் செயலிகூட இரண்டு பாட்டை நிற்காமல் ஒட்டிவிடும். இதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது.

உள்ளே இருப்பவை எல்லாம் அடுத்தவர்களின் பாட்டுகள். கிராண்ட் நேஷனலின் 'டாக் அமங்ஸ்ட் யுவர்செல்வ்ஸ்'தான் தொடக்கம். ஷ்பாங்கிளின் 'டார்செட் பெர்செப்ஷன்', பெட்டரின் 'தீஸ் டேஸ்', லாஸ்டெப்பின் 'பர்மா', ஸ்பூக்கியின் 'பிலாங்', உல்ரிக் ஷ்னௌஸின் 'ஆன் மை ஓன்', ஃபீலிக்ஸ் டா ஹவுஸ்கேட்டின் 'வாட்சிங் கார்ஸ் கோ பை', அங்கிள் குழுவின் 'இன் எ ஸ்டேட்' ஆகியவையும் இருக்கின்றன. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரே மேசையில் உட்காரக்கூடிய ஆட்களாகவே தெரியாது. கிராண்ட் நேஷனல் கிட்டார் வைத்துப் பாடும் ஆங்கிலப் பாப் குழு. ஷ்பாங்கிள் வேறு உலகம், ஸ்பானிய கிட்டாரும் விசித்திரமான மின்னணு ஓசைகளும் கலந்தது. ஷ்னௌஸ் ஜெர்மன்காரர், அவர் இசையில் எல்லாமே பனிக்குப் பின்னால் நின்று ஒலிப்பது போல இருக்கும். இவர்களையெல்லாம் ஒரே மூச்சில் பேசவைத்திருக்கிறார் சாஷா.

இதை ரசிக்க ஒரு சாதாரண மிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது.

ஹவுஸ் இசை நான்கு நான்கு தாள அடியாகப் போகும். புரோகிரசிவ் ஹவுஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120-லிருந்து 130 அடிக்குள் இருக்கும். நான்கு அடி சேர்ந்து ஒரு பார். எட்டு பார், பதினாறு பார் என்று கணக்கு வைத்துத்தான் பாட்டில் எதுவும் உள்ளே வரும், வெளியே போகும். அதனால் டிஜே வேகத்தைச் சமமாக்கினால் மட்டும் போதாது. புதிய பாட்டின் எட்டாவது பார் முடிகிற இடமும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் எட்டாவது பார் முடிகிற இடமும் ஒன்றாக விழ வேண்டும். இது தவறினால் கேட்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ இடறியது மட்டும் தெரியும். அப்புறம் பேஸ், அதாவது அடியில் அதிரும் கனத்த ஒலி. இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் ஒலித்தால் சேறு மாதிரி குழம்பிவிடும். எனவே புதிய பாட்டின் பேஸை அடைத்து வைத்து, மேல் சத்தங்களை மட்டும் மெல்ல உள்ளே விட்டு, சரியான அடியில் பழைய பேஸை எடுத்துவிட்டுப் புதியதைத் திறப்பார்கள். நல்ல டிஜே கையில் இந்த மாற்றம் நடப்பது காதுக்குத் தெரியாது, வயிற்றுக்குத் தெரியும்.

மற்ற வகை நடன இசையில் இந்த இணைப்பு பத்துப் பதினைந்து விநாடியில் முடிந்துவிடுவது உண்டு. புரோகிரசிவ் ஹவுஸ் டிஜேக்கள் அவசரப்பட மாட்டார்கள். நிமிடத்துக்கு 126 அடி என்றால் 32 பார் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம், இரண்டு பாட்டுகளும் சேர்ந்து ஓடும். என்னை இந்த இசைக்குள் இழுத்தது அந்த இரண்டு நிமிடம்தான். அந்த நேரத்தில் ஒலிப்பது முதல் பாட்டும் இல்லை, இரண்டாவது பாட்டும் இல்லை. முதல் பாட்டின் தாளத்தின் மேல் இரண்டாவது பாட்டின் கீபோர்ட் இழை உட்கார்ந்து, இருவருமே எழுதாத மூன்றாவது இசை ஒன்று பிறக்கிறது. தனித்தனியாக இரண்டு பாட்டையும் விலை கொடுத்து வாங்கினாலும் அது கிடைக்காது. அந்த மிக்ஸில் மட்டும், அந்த இரண்டு நிமிடம் மட்டும் இருக்கிறது. இணைப்பு தெரியாமல் மறைப்பதுதான் திறமை என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில், இணைப்பையே பாட்டாக்குவதுதான் திறமை.

இதில் சுருதிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தம்பூரா ஒரு சுருதியில் நின்றால் கச்சேரி முடியும்வரை அதே சுருதிதான். மிக்ஸில் ஒவ்வொரு பாட்டும் அதனதன் சுருதியோடு வரும். பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரியான, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு நழுவுப் பட்டை இருக்கும், மேலே 8 சதவீதம், கீழே 8 சதவீதம். அதை நகர்த்தினால் வேகத்தோடு சுருதியும் சேர்ந்து நகரும். ஏறக்குறைய 6 சதவீதம் நகர்ந்தால் அரைக்கட்டை வித்தியாசம். 120 அடியில் பதிவான பாட்டை 127-க்கு இழுத்தால் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். வேகம் பொருந்தும்போது சுருதி பிசகும், சுருதி பொருந்தும்போது வேகம் ஒத்துவராது. நீண்ட இணைப்பு வேண்டும் என்றால் இரண்டும் தானாகவே பொருந்துகிற தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் மிக்ஸ்களில் ஓரிடத்தில் இரண்டு பாட்டு அப்படி உருகிச் சேர்கிறது என்றால், அதற்குப் பின்னால் கடை கடையாகத் தட்டு புரட்டிய ஒருவரின் காது இருக்கிறது.

'இன்வால்வர்' வந்த காலத்தில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. 2001-ல் வெளிவந்த ஏபில்டன் லைவ் மென்பொருளில் சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மாற்றலாம். இந்த மென்பொருளை ஆரம்பத்திலேயே கையில் எடுத்த பெரிய டிஜேக்களில் சாஷாவும் ஒருவர். ஆனால் அவர் அதை வைத்து வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளவில்லை, பெரிதாக்கிக்கொண்டார். முழுப் பாட்டுகளை அடுக்கி ஒட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாட்டையும் பிரித்துப்போட்டு, இந்த சிடிக்காகவே தன் கைப்படத் திரும்பக் கட்டினார். அதாவது இதில் இருக்கும் ஒவ்வொரு பாட்டும் சாஷாவின் ரீமிக்ஸ். எந்தப் பாட்டும் கடையில் கிடைத்த வடிவத்தில் இல்லை.

என் தொழில் எம்பிராய்டரி பஞ்சிங். திருப்பூரில் பனியன் துணியில் வரும் படங்களை மெஷின் தைக்கிற வரிசையில் கம்ப்யூட்டரில் தையல் தையலாகப் போடுகிற வேலை. ஒரு இலையை முடித்துவிட்டுத் தள்ளியிருக்கும் பூவுக்கு நூல் போக வேண்டும் என்றால் இரண்டு வழி. நூலை அறுத்துவிட்டு அங்கே போய்ப் புதிதாகத் தொடங்கலாம், மெஷின் நின்று நின்று ஓடும். அல்லது பின்னால் வரப்போகிற தையல் எந்த இடத்தை மூடும் என்று முன்பே பார்த்துவைத்து, அதன் அடியிலேயே நூலை ஓட்டிக்கொண்டு போகலாம். சாஷா இரண்டாவது வழிக்காரர். 'இன்வால்வரில்' ஒரு பாட்டு வருவதற்கு வெகு முன்பே அதன் ஒரு சின்னக் கீற்று, ஒரு மூச்சுச் சத்தமோ இரண்டு சுரமோ, நடப்புப் பாட்டுக்கு அடியில் ஓடத் தொடங்கியிருக்கும். அந்தப் பாட்டு முழுதாக வந்து நிற்கும்போது அது ஏற்கனவே பழகிய ஆள் மாதிரி இருக்கும்.

யூனிட்டில் மெஷின் பார்க்கும் தம்பி ஒருவன் இதை என் மேசையில் கேட்டுவிட்டு, "என்னங்க்கா, ஒரே பாட்டு ஒரு மணி நேரமா ஓடுதுங்களே" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சரி, ஹெட்போனை மாட்டிக்கொள், பாட்டு மாறும்போது கையைத் தூக்கு என்றேன். அவனும் கண்ணை மூடி உட்கார்ந்தான். வேறொரு குரல் வந்து பாட ஆரம்பித்த பிறகுதான் கையைத் தூக்கினான். திரும்பவும் ஓட்டிக் காட்டினேன். இந்த முறை கொஞ்சம் முன்னால் தூக்கினான். அப்புறம் அவனே பின்னால் இழுத்து இழுத்துப் போட்டுக் கேட்டான். கடைசியில், "இல்லீங்க்கா, இது இங்க ஆரம்பிக்கல, இதுக்கும் முன்னாடியே உள்ள இருக்குது" என்றான். மிக்ஸ் கேட்பது என்றால் இதுதான். எங்கே தொடங்கியது என்று தேடிப் பின்னோக்கிப் போகப் போக, தொடக்கம் இன்னும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். இப்போது அவன் போனில் இருப்பது சாஷா மட்டும் இல்லை, டிக்வீடும் இருக்கிறார்.

ஜான் டிக்வீட் பெயரைச் சொல்லாமல் சாஷாவைப் பற்றிப் பேச முடியாது. சாஷாவின் இயற்பெயர் அலெக்சாண்டர் கோ. 1969-ல் வேல்ஸில் உள்ள பாங்கர் ஊரில் பிறந்தவர். மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப் காலத்தில் வளர்ந்து, இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டில் 'ரெனசான்ஸ்' என்ற கிளப் இரவுகளில் டிக்வீடோடு சேர்ந்தார். 1994-ல் இருவரும் 'ரெனசான்ஸ்: தி மிக்ஸ் கலெக்ஷன்' என்று மூன்று சிடி போட்டார்கள். 1996-ல் 'நார்தர்ன் எக்ஸ்போஷர்'. வடக்கு, தெற்கு என்று பெயரிட்ட இரண்டு சிடி. கிளப்பில் ஆடுவதற்கு மட்டும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்பதற்காகவும் ஒரு மிக்ஸ் இருக்கலாம் என்று எனக்குக் காட்டியது அதுதான். பிறகு நியூயார்க்கின் ட்வைலோ கிளப்பில் இருவரும் பல ஆண்டு மாதந்தோறும் வாசித்தார்கள். ஓர் இரவு முழுக்க வாசிக்க நேரம் கிடைக்கும்போதுதான் இந்த இசை தன் இயல்பான நடைக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புரோகிரசிவ் ஹவுஸ் என்ற பெயர் 1992-ல் பிரிட்டனின் 'மிக்ஸ்மேக்' இதழில் டோம் ஃபிலிப்ஸ் எழுதிய கட்டுரையால் பரவியது. பிற்காலத்தில் பிரேசிலில் குடியேறி அமேசான் காட்டைப் பற்றி எழுதி, 2022-ல் அங்கேயே கொல்லப்பட்ட அதே பத்திரிகையாளர்தான். இந்த இசையைக் கேட்கிற பலருக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். அந்த முதல் அலையில் வந்தவர்களில் ஒரு ஜோடி ஸ்பூக்கி. 'இன்வால்வரில்' இருக்கும் 'பிலாங்' அவர்களுடையது. ஸ்பூக்கியில் பாதியான சார்லி மே சாஷாவோடு நெடுநாள் சேர்ந்து வேலை செய்தவர், சாஷாவின் 'எக்ஸ்பாண்டர்' பாட்டு உட்பட. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால் தொடங்கிய ஒரு வகையின் மூத்த ஆட்களும், அந்த வகையோடு எந்த உறவும் இல்லாத கிராண்ட் நேஷனல் மாதிரி புதியவர்களும் ஒரே சிடியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பாட்டுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது 'இன் எ ஸ்டேட்'. பாட்டு திறந்துகொள்ள எடுத்துக்கொள்ளும் நேரம் அபாரம். ஒவ்வொரு அடுக்காக வரும். முதலில் தாளம், அப்புறம் ஒரு தயக்கமான குரல். மேலே ஏறப்போகிறது என்று நாம் நினைக்கும் இடத்தில் ஏறாது, இன்னொரு சுற்று காத்திருக்க வைக்கும். கடைசியில் ஏறும்போது அதில் வெற்றி முழக்கம் எதுவும் இருக்காது, ஒரு பெரிய துக்கம் எழுந்து நடப்பது மாதிரி இருக்கும். தொண்ணூறுகளில் டிரான்ஸ் என்ற இன்னொரு நடன இசை வகை இதே ஏற்றத்தை எத்தனையோ முறை செய்து தேய்த்துவிட்டது. இங்கே தேயாமல் இருப்பதற்குக் காரணம் இதற்கு முன்னால் ஓடிய இசைதான். அத்தனை நேரம் அடக்கி வாசித்ததால்தான் இந்த ஏற்றத்துக்கு எடை வருகிறது. இந்தப் பாட்டை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுக் கேளுங்கள், நல்ல பாட்டுதான். மிக்ஸுக்குள் கேளுங்கள், அப்போது புரியும்.

'ஆன் மை ஓன்' வேறு விதம். ஷ்னௌஸின் மூலப் பாட்டு 2003-ல் வந்த அவருடைய 'எ ஸ்ட்ரேஞ்ச்லி ஐசோலேட்டட் ப்ளேஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. அங்கே அது மிதந்துகொண்டே இருக்கும், கால் தரையில் படாது. சாஷா அதற்கு ஒரு தரை போட்டிருக்கிறார். மிதப்பு கெடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால் ஒரு ரீமிக்ஸ் எவ்வளவு மரியாதையோடு செய்யப்படலாம் என்று தெரியும். 'டார்செட் பெர்செப்ஷன்' கிட்டாரையும் அப்படித்தான் வைத்திருக்கிறார், மூலத்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் கிட்டார் இங்கே கொஞ்சம் தனிமையில் நிற்கிறது.

குறைகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருவரே தன் ஸ்டுடியோவில் மறுபடி கட்டியதால் ஒருவித மெருகு எல்லாப் பாட்டின் மேலும் ஒரே மாதிரி படிந்திருக்கிறது. நடுப் பகுதியில் எனக்கு ஒரு முரட்டுப் பாட்டு தேவைப்படுகிறது, அது வரவே இல்லை. 'நார்தர்ன் எக்ஸ்போஷரில்' தட்டிலிருந்து தட்டுக்குப் பதிவின் நிறமே மாறும், ஒன்று வறண்டும் ஒன்று ஈரமாகவும் ஒலிக்கும். அந்த வேறுபாட்டைத் தாண்டி அவர்கள் பாலம் கட்டுவதைக் கேட்கும் சுகம் 'இன்வால்வரில்' குறைவு. இதை மிக்ஸ் என்றே ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த பிறகு டிஜேயின் கைக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்கவில்லை. எந்தப் பாட்டுக்குப் பிறகு எது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எதை எப்போது விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் டிஜேயின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு இங்கே ஒவ்வொரு நிமிடத்திலும் கேட்கிறது.

உடற்பயிற்சிக்கும் விருந்துக்கும் இதை வாங்க வேண்டாம். தொடக்கம் மெதுவானது. முதல் பத்து நிமிடத்தில் எதுவும் நடக்கவில்லை என்று நிறுத்திவிடுபவர்களுக்கு இது பிடிக்கப்போவதில்லை. கவனமும் கையும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்துக்கு இது அமைந்தது மாதிரி இருக்கும்: படம் வரைதல், தையல், கணக்கு, இரவு நெடுஞ்சாலையில் ஓட்டுவது. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் மனம் வேலையை விட்டு எழுந்து போகும். இங்கே அந்த இடைவெளியே இல்லை. டிசைன் ஃபைலைத் திறந்து உட்கார்ந்தால் பூ வேலை முடிகிறபோதுதான் நிமிர்கிறேன்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். சிடியில் பாட்டுக்குப் பாட்டு எண் இருந்தாலும் நடுவில் மௌனம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு விநாடியை 75 துண்டாகப் பிரித்து எழுதும் வடிவம் அது, ஏதாவது ஒரு துண்டின் விளிம்பில் எண் மாறும், ஓசை அறாது. அதே சிடியை நகல் எடுக்கும்போதுதான் சிக்கல் வந்தது. சிடி எழுதும் மென்பொருளில் பாட்டு பாட்டாக எழுதும் முறையை விட்டுவைத்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விநாடி மௌனம் விழும். இந்த இசை வெறும் சத்தம் என்று முடிவு கட்டிய பலர் கேட்டது அப்படி வெட்டுப்பட்ட நகலாக இருந்திருக்கலாம். எம்பி3-யிலும் இதே தொல்லை உண்டு, சுருக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் ஒரு துளி மௌனம் சேர்ந்துவிடும். அதைக் கழித்து ஓட்டத் தெரியாத பிளேயரில் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சின்ன விக்கல் கேட்கும்.

ஆகவே தனித்தனிப் பாட்டுகளாக வெட்டாமல் ஒரே கோப்பாகக் கிடைத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் செயலியின் அமைப்பில் இடைவெளியின்றி ஓட்டும் வசதியைப் போட்டுவிட்டு, பாட்டுகளைக் குறுக்கே கலக்கும் 'கிராஸ்ஃபேட்' வசதியை நிறுத்திவிடுங்கள். சாஷா கலந்து முடித்ததைச் செயலி இன்னொரு முறை கலக்க வேண்டாம். ஷஃபிள் கூடவே கூடாது. ஹெட்போன் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் பேஸ் கேட்க வேண்டும். நான் வயர் வைத்த சாதாரண ஹெட்போனில்தான் கேட்கிறேன், போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி இசை வரவே வராது.

இதன் தொடர்ச்சியாக 2008-ல் 'இன்வால்வர் 2', 2013-ல் 'இன்வால்வர் 3' வந்தன. மூன்றாவதை மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் வெளியிட்டது. இரண்டும் நல்லவை, ஆனால் இன்னும் அமைதியாகவும் இன்னும் பாட்டுத்தன்மையோடும் போய்விட்டன. 'இன்வால்வர்' பிடித்துப்போய் அடுத்து என்ன என்று கேட்பவர்கள் முன்னோக்கிப் போக வேண்டாம், பின்னோக்கி 'நார்தர்ன் எக்ஸ்போஷருக்கு' வாருங்கள். அதில் வடக்கு சிடியை முதலில் போடுங்கள். பழைய சிடி விற்பவர்களிடம் தேடினால் இரண்டுமே கிடைக்கும், கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.